டைல்ஸ் ஒட்டும் முன் சுவரைத் தயார் செய்வது எப்படி: வடசென்னை வீடுகளுக்கான வழிகாட்டி

டைல்ஸ் கழன்று விழுந்தால் முதலில் டைல்ஸைத் திட்டுவோம், அடுத்து கொத்தனாரைத் திட்டுவோம். சுவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாகவே நீளும் நம் பக்கத்தில் கோளாறு பெரும்பாலும் சுவரில்தான் இருக்கும். உப்புக் காற்று, உப்புத் தண்ணீர், தரையிலிருந்து ஏறும் ஓதம், சுவரிலிருந்து பிடிப்பு விட்டுப் பொக்கான பழைய பூச்சு, பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு என்று ஒரு வரிசையே உண்டு. இவற்றின் மேல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டைல்ஸை ஒட்டினாலும் கொஞ்ச நாளில் தட்டினால் டொக் டொக் என்று கேட்க ஆரம்பித்துவிடும்.

முதல் முறையாக வீட்டில் டைல்ஸ் வேலை எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்களே கரண்டி பிடித்தாலும் சரி, கொத்தனார் வேலை செய்ய நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தாலும் சரி, எதற்குப் பின் எது என்று தெரிந்திருந்தால் போதும். பிரைமரைப் பற்றி ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்ல சுவரையும் டைல்ஸ் பசையையும் சேர்த்துப் பிடிக்க வைப்பதுதான் பிரைமரின் வேலை. கெட்ட சுவரை அது நல்ல சுவராக மாற்றாது. அதனால் இந்தக் கட்டுரையில் பிரைமர் கடைசியில்தான் வரும்.

உங்கள் சுவர் எந்த ஜாதி?

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் சிறிய நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்துக் கட்டிய சுவர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஒரு மூலையில் பூச்சைக் கொஞ்சம் பெயர்த்துப் பாருங்கள். இடையில் இருக்கும் காரை வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் உதிர்வதாக இருந்தால் அது சுண்ணாம்புச் சுவர். சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் சிமெண்ட். வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளிலும் அடுக்கு மாடிகளிலும் அறைக்கு அறை நடுவே இருப்பது பெரும்பாலும் நாலரை இஞ்சு செங்கல் சுவர். இடையிடையே கான்கிரீட் தூணும் பீமும் வரும். புதிய கட்டடங்களில் இலேசான வெள்ளை பிளாக்குகளையும், பூச்சுக்குச் சிமெண்டுக்குப் பதில் ஜிப்சத்தையும் பார்க்கலாம்.

ஜிப்சம் பூச்சு உள்ளவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். பாத்ரூமில், தண்ணீர் படும் சுவரில் ஜிப்சம் இருக்கவே கூடாது. பெயர்த்து எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூச்சு பூச வேண்டும். உலர்ந்த இடத்தில் ஒட்டுவதானாலும் டைல்ஸும் பசையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 20 கிலோவைத் தாண்டக்கூடாது. சிமெண்ட் பசையை நேராக ஜிப்சத்தின் மேல் வைத்தால், ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து ஒருவகைப் படிகமாக வளர்ந்து டைல்ஸை வெளியே தள்ளும். நடுவில் பிரைமர் கட்டாயம்.

தட்டிப் பாருங்கள், தண்ணீர் தெளித்துப் பாருங்கள்

சுவரைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சின்னச் சுத்தியின் மரப்பிடியோ, பழைய ஐந்து ரூபாய் நாணயமோ போதும். சாண் இடைவெளியில் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடத்தில் சத்தம் சுருக்கமாக, கனமாக இருக்கும். பொக்கான இடத்தில் சத்தம் மாறுவது காதுக்கு உடனே தெரியும். அந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுங்கள். பழைய வீட்டுச் சுவரில் இப்படித் தட்டும்போது பூச்சு லேசாக அதிர்வதையே கையால் உணரலாம். "அக்கா, இதைப் பெயிண்டுதான் பிடிச்சு நிக்க வெச்சிருக்கு" என்று கொத்தனார் சொன்னால் நம்புங்கள், அவர் கூலிக்காகச் சொல்லவில்லை.

அடுத்தது தண்ணீர். சுவரில் கையால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். பட்டதும் உறிஞ்சிக்கொண்டால் சுவருக்குத் தாகம் அதிகம். பசையில் இருக்கும் தண்ணீரையும் இப்படித்தான் இழுத்துக்கொள்ளும், பசை இறுகாமல் வெறும் பொடியாகிவிடும். முத்து முத்தாக நின்று வழிந்தால் மேலே எண்ணெயோ எனாமல் பெயிண்டோ இருக்கிறது. அங்கே எதுவும் பிடிக்காது. கொஞ்ச நேரம் நின்று மெதுவாகக் கறுத்து இறங்கினால் அதுதான் நமக்கு வேண்டிய சுவர்.

மூன்றாவது, ஈரம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு இடைவெளி இல்லாமல் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் ஷீட்டின் உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வேர்த்திருந்தால் அது காற்றிலிருக்கும் ஈரப்பதம். கடலோர வீட்டில் இது சகஜம், கவலை வேண்டாம். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று, நாலு அடியில் ஒன்று என்று இரண்டு ஷீட் ஒட்டினால் ஈரம் கீழிருந்து ஏறுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஓதமும் உப்பும்

இதில்தான் நம் பக்கத்து வீடுகள் மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுவரின் அடிப்பாகத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூத்து, தொட்டால் உதிர்கிறதே, அது உப்பு. தண்ணீரில் கரைந்து சுவருக்குள் ஏறி, தண்ணீர் ஆவியானதும் மேல்பரப்பில் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கும்போது படிகமாகப் பருத்து, பூச்சையே உள்ளிருந்து நெம்பித் தள்ளும். பெயிண்ட் அடித்த சுவரில் கொப்புளம் கிளம்புவது இதனால்தான். டைல்ஸ் ஒட்டிவிட்டால் உப்பு வெளியே தெரியாது, ஆனால் பசைக்கும் பூச்சுக்கும் நடுவே அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். தண்ணீருக்கும் ஆவியாகப் போக வழியில்லாமல் டைல்ஸுக்கு மேலே ஏறிவிடும். ஹாலில் ஓதம் தெரியாமல் இருக்க நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டும் வழக்கம் நம் பக்கம் பரவலாக இருக்கிறது. நாலடி வரை ஒட்டிய வீடுகளில் சில வருஷத்தில் ஐந்தாவது அடியில் பெயிண்ட் உரிவதைப் பார்க்கலாம். ஓதத்தை மறைக்க டைல்ஸ் ஒட்டாதீர்கள் என்று யாரிடம் வேண்டுமானாலும் அழுத்திச் சொல்வேன். காசும் போகும், சுவரும் போகும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சுவரின் நீளம் முழுக்க ஏறக்குறைய ஒரே உயரத்தில் கறை கோடு போட்டது போல் நின்றால் தரையிலிருந்து ஏறும் ஓதம். ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் பைப் கசிவு, அல்லது சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு பாத்ரூம். மேலிருந்து கீழே வழிந்த மாதிரி இருந்தால் மொட்டை மாடியையும் மழைநீர்க் குழாயையும் பாருங்கள். இன்னொரு காரணமும் உண்டு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதில் தெரு உயர்ந்துவிட்டது. பல வீடுகளில் இப்போது வாசல்படியில் ஏறுவதற்குப் பதில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. அந்த வீடுகளின் முன்சுவருக்கு வெளியே மண் எப்போதும் ஈரமாகவே இருக்கும். அதைச் சரி செய்யாமல் உள்ளே என்ன பூசினாலும் நிற்காது.

கசிவு என்றால் அடைத்துவிட்டு, சுவர் காயும் வரை காத்திருங்கள். பக்கத்து வீட்டுக் குழாய் என்றால் பேசித்தான் தீர்க்க வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை. தரை ஓதம் என்றால் சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு ஈரத்தைத் தடுக்கும் ரசாயனத்தைச் செலுத்தும் முறை இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. சுண்ணாம்புச் சுவருள்ள பழைய வீட்டில் ஓதம் இருந்தால் என் யோசனை இதுதான்: ஹாலிலும் படுக்கையறையிலும் டைல்ஸ் வேண்டாம், சுண்ணாம்புப் பூச்சே பூசுங்கள். அந்தச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டே இத்தனை வருஷம் நின்றிருக்கிறது.

பூத்த உப்பை எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. ஈரத் துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த நிலையில் கெட்டி பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்வதைக் கீழே விரித்த தாளில் பிடித்து வெளியே கொட்டுங்கள். ஒரு வாரம் விட்டுப் பார்த்து, திரும்பப் பூத்தால் திரும்பத் தேய்க்க வேண்டும். உதிரும் பூச்சை, கறை தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு அடி வரை சேர்த்து, செங்கல் தெரியப் பெயர்த்துவிடுவது நல்லது. பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். ஆசிட் சுண்ணாம்பைத் தின்னும், சரியாகக் கழுவாவிட்டால் புதிதாக ஒரு உப்பையும் விட்டுவிட்டுப் போகும்.

உப்பை நாமே கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. போர் தண்ணீரில் கலவை போடுவது, அதே தண்ணீரைப் பூச்சுக்கு அடிப்பது. மீஞ்சூர் பக்கம் கடல் நீர் நிலத்தடிக்குள் புகுந்தது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. கட்டட வேலைத் தண்ணீருக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு, கம்பி இல்லாததற்கு 2000. வீட்டில் அளக்க வழியில்லை என்றால் நாக்கே போதும். உப்புக் கரித்தால் அந்தத் தண்ணீர் கலவைக்கு வேண்டாம். மெட்ரோ வாட்டரை ஒரு டிரம்மில் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணலை, பூச்சுக்கு மட்டுமில்லை, சின்ன ஓட்டை அடைக்கக்கூட எடுக்காதீர்கள்.

எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்த தண்ணீர் அங்கே வீடுகளுக்குள் புகுந்தது. அந்தக் கறை மேலே பெயிண்ட் அடித்து மறைந்திருந்தாலும் எண்ணெய் பூச்சுக்குள் ஊறியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவுவதால் அது போகாது. கறை ஏறிய உயரம் வரை பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதுதான் வழி.

சுரண்டுவது, கொத்துவது

சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், பட்டி இவை மூன்றும் முழுதாகப் போக வேண்டும். பழைய அறையில் பட்டித் தகடால் அழுத்திச் சுரண்டினால் மேலே ரோஸ், அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் நீலம் போட்ட வெள்ளை என்று ஏடு ஏடாக உரிந்து வரும். அத்தனையும் சுவரோடு லேசாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் தெளித்து ஊறவிட்டுச் சுரண்டினால் வேலை சுலபம், தூசியும் பறக்காது. பட்டி வழுவழுப்பாக, அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடத் தோன்றும். பெயிண்டைத் தாங்கத்தான் பட்டி. டைல்ஸின் கனத்தை அது தாங்காது.

எனாமல் பெயிண்ட் என்றால் கவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். கிரைண்டர் போட்டுத் தூள் பறக்க விடாமல் ஈரமாகச் சுரண்டுங்கள், அந்த நாட்களில் குழந்தைகளை வேறு வீட்டில் விடுங்கள்.

சாக்பீஸ் வட்டம் போட்ட பொக்கு இடங்களை உளியால் பெயர்த்து எடுங்கள். விளிம்பு கெட்டியாகும் வரை போக வேண்டும். ஒரு சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொக்கு என்றால் ஒட்டுப் போட்டுக் கொண்டிருக்காமல் மொத்தத்தையும் எடுத்துவிடுவதே மேல். நிற்கிற பூச்சையும், வழுவழுப்பான கான்கிரீட்டையும் இரண்டு விரல் இடைவெளியில் கொத்திவிட வேண்டும். கொத்து ஆழமாக வேண்டாம், மேல்தோல் உடைந்தால் போதும். சில இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துக் கொத்து கொத்திவிட்டு முடித்துவிடுவார்கள். அதைக் கொத்தியதாகச் சேர்க்க முடியாது.

நாலரை இஞ்சு சுவரில் பெரிய மெஷின் வைத்துக் கொத்தினால் அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பூச்சு வெடிக்கும். சின்னச் சுத்தியும் உளியுமே அங்கே சரி. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மதியம் தூங்கும் நேரத்தை விட்டு ஆரம்பித்தால் சண்டையும் வராது. இடித்த ரப்பிஷை மூட்டையாகக் கட்டி வையுங்கள், மழைநீர் வடிகால் பக்கம் கொட்டிவிடாதீர்கள். மழைக்கு அந்தத் தெருவே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாமா? சமையலறையில், பழைய டைல்ஸ் ஒன்றுகூடப் பொக்காக இல்லையென்றால் ஒட்டலாம். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, மேல் பளபளப்பைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்கி, அதற்கென்று விற்கும் மணல் கலந்த பிரைமர் அடிக்க வேண்டும். பாத்ரூமில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய டைல்ஸுக்குப் பின்னால் என்ன கசிகிறது என்று பார்க்க வேறு சந்தர்ப்பம் கிடைக்காது.

பைப்பும் ஒயரும்

பைப்பும் ஒயரும் புதைக்கச் சுவரில் பள்ளமாகக் காடி வெட்டும் வேலையெல்லாம் பூச்சுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். மெயினை அணைத்துவிட்டுத்தான் உளி வைக்க வேண்டும். புதைத்த பைப்புகளின் வாயை அடைத்து, டெஸ்ட் பம்ப் போட்டு இரவு முழுக்க அழுத்தத்தில் விடச் சொல்லி பிளம்பரிடம் கறாராகக் கேளுங்கள். காலையில் பம்பின் அழுத்த மீட்டரில் முள் இறங்கியிருக்கக் கூடாது. காடியை மூடும்போது ஒரே தடவையில் அமுக்கி நிரப்பாமல் இரண்டு தடவையாக நிரப்புங்கள்.

தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் விரிசல் விடும். அந்தக் கோட்டின் மேல் இரு பக்கமும் அரை அடி வருகிற மாதிரி ஒரு அடி அகலத்துக்கு வலை வைத்துப் பூச வேண்டும். வழக்கமாகக் கோழிக்கூண்டுக் கம்பி வலைதான் வைப்பார்கள். கடலுக்குப் பக்கத்தில் அது துருப்பிடித்துப் பூச்சைத் தள்ளும், அதனால் சிமெண்டுக்கு ஏற்ற ஃபைபர் வலை வாங்குங்கள். பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

பூச்சும் தூக்கும்

பூசுவதற்கு முன் சுவரை நன்றாக நனைத்து, மேலே நிற்கும் தண்ணீர் வடிந்த பிறகு கலவை அடிக்க வேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு பூச்சு மணல், கனம் 12 முதல் 15 மில்லிமீட்டர். பி-சாண்ட் என்று கேட்டு வாங்குங்கள், கிரஷர் பவுடரை அதோடு கலந்து தந்தால் திருப்பி அனுப்புங்கள். அதிகக் கனம் தேவைப்பட்டால் இரண்டு தடவையாகப் பூசி, முதல் பூச்சில் கோடு கீறி விட வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்கு இவ்வளவு கெட்டியான கலவை ஆகாது. அங்கே சமையலறை, பாத்ரூமில் டைல்ஸ் கட்டாயம் என்றால் சுண்ணாம்பும் சேர்த்த இளகலான கலவையைப் பழைய வீட்டு வேலை தெரிந்த கொத்தனாரிடம் கொடுத்துப் பூசுங்கள்.

மேல்பரப்பை மணியாசுக் கட்டையால் தேய்த்து விட்டால் போதும். சிமெண்ட் பால் போட்டு இரும்புக் கரண்டியால் மெழுகக் கூடாது. பெயிண்ட் சுவருக்குப் பழகிய கை தானாக மெழுகிவிடும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தூக்குக் குண்டு விட்டுச் சுவர் நேராக நிற்கிறதா பாருங்கள். ஆறடி அலுமினிய மட்டப்பலகையை நெட்டு வாக்கில், குறுக்கு வாக்கில், மூலைக்கு மூலை என்று எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே எங்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. பெரிய டைல்ஸ் எடுத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: பன்னிரண்டுக்குப் பதினெட்டு இஞ்சு டைல்ஸ் கொஞ்சம் வளைவை மறைத்துக் கொடுக்கும், இரண்டுக்கு நாலு அடி டைல்ஸ் மன்னிக்காது, ஒன்றுக்கொன்று உதடு தூக்கி நிற்கும். மூலைமட்டம் வைத்து மூலைகளையும் பாருங்கள். பள்ளத்தைப் பூச்சில்தான் நிரப்ப வேண்டும். "பேஸ்ட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால், டைல்ஸுக்குப் பின்னால் அங்கங்கே உருண்டை வைத்து ஒட்டப் போகிறார் என்று அர்த்தம். அப்படி ஒட்டினால் உருண்டைக்கு நடுவே காலியாக இருக்கும் இடத்தில் ஆணி அடிக்கும்போது டைல்ஸ் உடையும், தண்ணீர் போய்த் தங்கும்.

பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும், காலை மாலை இரண்டு வேளையும், நல்ல தண்ணீரில். அதன் பிறகு குறைந்தது இரண்டு வாரம் காயவிட வேண்டும். நாலு வாரம் கிடைத்தால் ரொம்ப நல்லது, பூச்சு சுருங்குவதெல்லாம் அதற்குள் சுருங்கி முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கணக்கு இன்னும் நீளும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு டைல்ஸ் வேலையை ஆரம்பிக்காதீர்கள். வேலைக்கு எத்தனை நாள் என்று எண்ணிவிட்டு நாள் பாருங்கள்.

பாத்ரூமில் இதற்குப் பிறகு தண்ணீர் புகாத பூச்சு வரும். இரண்டு பொருளாக வந்து கலந்து அடிக்கும் சிமெண்ட் வகைப் பூச்சு நல்லது. ஷவர் இருக்கும் சுவரில் குறைந்தது ஆறடி உயரம், மற்ற சுவரில் மூன்றடி, தரை முழுக்க. தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் உருட்டித் திருப்பி, துணிப் பட்டை வைத்து அடிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு வாட்டர் அவுட்லெட்டை அடைத்து ஒரு முழு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார்க்க மறக்க வேண்டாம். தாரையோ வழுக்கும் பெயிண்டையோ இதற்குப் பதில் அடிக்கக் கூடாது, அதன் மேல் பசை பிடிக்காது.

சரி, இப்போது பிரைமர்

எல்லாச் சுவருக்கும் பிரைமர் வேண்டும் என்பதில்லை. பழைய முறையில் சிமெண்ட் வைத்து ஒட்டுவதாக இருந்தால், கொத்திய சுவரை நனைத்தால் போதும். பீங்கான் டைல்ஸையும் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். மூட்டையில் வரும் பசையால் ஒட்டுவதாக இருந்தால் டைல்ஸை ஊறப் போடக் கூடாது. விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை அரை சதவீதம்கூட உறிஞ்சாது, அதை வெறும் சிமெண்டில் சுவரில் ஒட்டுவது ஆபத்து; பசைதான் சரி. பசை மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணும், 1 முதல் 5 வரை எந்த டைப் என்பதும் அச்சாகியிருக்கும். உங்கள் டைல்ஸுக்கும் சுவருக்கும் எந்த டைப் என்பதையும், பிரைமர் வேண்டுமா என்பதையும் அந்த மூட்டையிலேயே படித்துவிடலாம்.

தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும் பூச்சு, வெள்ளை பிளாக், ஜிப்சம் இவற்றுக்கு அக்ரிலிக் வகை டைல்ஸ் பிரைமர். வழுவழுப்பான கான்கிரீட்டுக்கும் பழைய டைல்ஸுக்கும் மணல் கலந்த பிரைமர். பெயிண்ட் கடையில் கிடைக்கும் வெள்ளை பிரைமர் பெயிண்டுக்கானது, அதைத் தொடவே வேண்டாம். மரவேலைக்கான வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து அடிக்கும் பழக்கமும் இருக்கிறது. அந்தப் பசை ஈரம் பட்டால் மறுபடி இளகும். டைல்ஸ் பசையைக் கலந்து வைப்பதே ஈரமாகத்தான், அதன் பிறகு பாத்ரூமில் தினம் தண்ணீர் படும். யோசித்துப் பாருங்கள்.

அடிக்கும் முறை எளிது. முதலில் தூசி. மேலிருந்து கீழே பிரஷ்ஷால் தட்டி, பிறகு பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். கறுப்புத் துணியால் சுவரைத் துடைத்துப் பார்த்தால் வெள்ளையாக வரக் கூடாது. வந்தால் திரும்பத் தட்டுங்கள். டப்பாவை அடிவரை கலக்குங்கள், மணல் கலந்ததில் மணல் முழுக்க அடியில் தங்கியிருக்கும். எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும் என்பது டப்பாவில் எழுதியிருக்கும். கூட ஒரு சொம்பு ஊற்றி ஒரு சுவரைச் சேர்த்து முடிக்கப் பார்த்தால் எந்தச் சுவரும் உருப்படாது. பிரஷ்ஷாலோ ரோலராலோ மெல்லியதாக ஒரே சீராக அடியுங்கள். வழிந்து மூலையில் தேங்கியதை உடனே பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள், தேங்கினால் ரப்பர் தோல் போல ஆகிப் பசையைத் தள்ளும்.

அக்ரிலிக் பிரைமர் அடிக்கும்போது பால் நிறத்தில் இருக்கும், காயக் காயக் கண்ணாடி மாதிரி தெளியும். முழுக்கத் தெளிந்து, தொட்டால் கையில் ஒட்டாத நிலையில் மறுபடி ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முன்பு சட்டென்று குடித்த சுவர் இப்போது நிதானமாகக் குடிக்க வேண்டும். இன்னும் தாகமாக இருந்தால் இரண்டாவது கை. சித்திரை வெயிலில் அரை மணியில் காய்ந்துவிடும், மழைக்காலத்தில் பாதி நாள் ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் சுவரைப் பாருங்கள். மணல் கலந்த பிரைமர் காய்ந்ததும் உள்ளங்கையால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்க வேண்டும், மணல் உதிரக் கூடாது.

வேலை முழுவதும் மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், சிமெண்டில் கை வைக்கும்போது உறை போடுங்கள். கர்ச்சீப் கட்டிக்கொண்டால் கொத்தும்போது வரும் நுண்தூசி நிற்காது, மூக்கில் பதிந்து உட்காரும் மாஸ்க் வேண்டும்.

பிரைமர் காய்ந்த அன்றோ மறுநாளோ டைல்ஸ் ஒட்ட ஆரம்பித்துவிடுங்கள். டியூப் லெவல் வைத்துச் சுற்றிலும் ஒரே மட்டத்தில் சாக்பீஸ் நூல் தட்டி, இரண்டாவது வரிசையிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. தரை மட்டம் எப்படி இருந்தாலும் முதல் வரிசையைக் கடைசியில் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். கொத்தனார் வராமல் நாலைந்து நாள் போய்விட்டதா? ஜன்னல் திறந்திருந்த வீட்டில் அதற்குள் பிரைமர் மேல் தூசியும் கடற்காற்றின் பிசுபிசுப்பும் படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் பிழிந்த ஸ்பாஞ்சால் சுவரை முழுக்கத் துடைத்து, காயவிட்டு, மெல்லியதாக ஒரு கை பிரைமரைத் திரும்ப அடித்துவிட்டுப் பசையைக் கலக்குங்கள்.